வாங்கிய டிக்கெட்டுக்குத் தருவதாகச் சொன்ன புள்ளிகள்: எதைக் கேட்கலாம், எதை விடலாம்?

பெங்களூரு அல்சூரில் வசிக்கும் 43 வயதுச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். ஏற்றுமதி ஆடைகளின் தரத்தைச் சோதித்து அறிக்கை தருவது அவர் தொழில். யாரிடமும் சம்பளத்துக்கு இல்லை, தனியாகவே செய்கிறார். திருப்பூர்த் தொழிற்சாலைகளுக்காக மாதந்தோறும் கோவைக்கும் எப்போதாவது டெல்லிக்கும் விமானத்தில் போய்வருகிறார். தம் அம்மாவையும் மாமியாரையும் காசிக்கு அழைத்துப் போக வேண்டும் என்பதற்காகவே ஒரு விமான நிறுவனத்தின் உறுப்பினர் திட்டத்தில் நான்கு ஆண்டுகளாக 1,20,000 புள்ளிகள் சேர்த்திருக்கிறார்.

சில மாதங்களுக்கு முன் அந்த நிறுவனம் விதிகளை மாற்றியது. உள்நாட்டு விமானங்களில் மிகக் குறைந்த கட்டண வகை டிக்கெட்டுக்கு இனி மிகச் சொற்பப் புள்ளிகளே கிடைக்கும். காசி டிக்கெட்டுக்குத் தேவையான புள்ளிகளும் ஏறக்குறைய பாதி அளவு கூடிவிட்டன. மாற்றத்துக்கு முன்பே அவர் வாங்கி, பிறகு பயணம் செய்த மூன்று டிக்கெட்டுகளுக்கும் புதிய விகிதத்தில்தான் புள்ளி ஏறியிருக்கிறது. நான்காவதாக ஒரு பயணத்துக்குப் புள்ளியே ஏறவில்லை. வாடிக்கையாளர் சேவையில் கேட்டதற்கு, 'விதிகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றும் உரிமை எங்களுக்கு உண்டு' என்ற பதில்தான் வந்தது. பத்து லட்சம் ரூபாய் கேட்டு வழக்குப் போடலாமா, பழையபடி பறந்த தூரத்தைப் பார்த்துப் புள்ளி தரும் தூரக் கணக்குக்கே திரும்ப வேண்டும் என்று உத்தரவு வாங்கலாமா, விமானத் துறையைக் கண்காணிக்கும் டிஜிசிஏவிடம் போகலாமா, அல்லது வாட்ஸ்அப் குழுவில் புள்ளிகளை விலைக்குக் கேட்கும் ஒருவரிடம் விற்றுவிடலாமா என்று கேட்கிறார். 'இலவசமாக வந்ததற்கு என்ன வழக்கு?' என்கிறாராம் கணவர்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தில், சட்டம் வெவ்வேறு விதமாகப் பார்க்கும் பல விஷயங்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே மனுவில் கொட்டினால் வலுவான கோரிக்கையும் வலுவில்லாததோடு சேர்ந்து விழுந்துவிடும். அதனால் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் உங்கள் கணவர் சொன்னது. புள்ளிகளை இலவசம் என்று நானும் ஏற்க மாட்டேன். விமான நிறுவனங்களின் கணக்குப் புத்தகமே அப்படிச் சொல்வதில்லை. 2018 ஏப்ரல் முதல் நம் பெரிய நிறுவனங்கள் பின்பற்றும் இந்தியக் கணக்குத் தரநிலை 115இன்படி, புள்ளியோடு ஒரு டிக்கெட்டை விற்கும்போது வந்த பணம் முழுவதையும் உடனே வருமானமாகக் காட்ட முடியாது. புள்ளிக்குரிய பங்கைத் தனியே ஒதுக்கி, இன்னும் நிறைவேற்ற வேண்டிய கடமையாக எழுதி வைக்க வேண்டும். நீங்கள் அந்தப் புள்ளியைப் பயன்படுத்தும்போதோ அது காலாவதியாகும்போதோதான் அந்தப் பங்கு வருமானமாகும். அதாவது, நீங்கள் கொடுத்த கட்டணத்துக்குள்ளேயே புள்ளியின் விலையும் அடங்கியிருக்கிறது. கிரெடிட் கார்டு கொடுக்கும் வங்கிகள் இதே புள்ளிகளை விமான நிறுவனங்களிடம் பணம் கொடுத்துத்தான் வாங்குகின்றன. 'தயவாகக் கொடுத்தோம், நிறுத்திவிட்டோம்' என்று நிறுவனம் வாதிட்டால், இந்தக் கணக்கு முறையை நுகர்வோர் ஆணையத்தின் முன் எடுத்துச் சொல்லுங்கள்.

இனிமேல் வாங்கப்போகும் டிக்கெட்டுகள்

இதில் உங்களுக்கு உரிமை இல்லை. ஒரு கடை நாளை முதல் தள்ளுபடி கிடையாது என்று அறிவிப்பதைத் தடுக்க முடியாததைப் போல, அடுத்த மாதம் விற்கும் டிக்கெட்டுக்கு எத்தனை புள்ளி என்பதை நிறுவனமே முடிவு செய்யலாம். எந்த நீதிமன்றமும் தூரக் கணக்குக்குத் திரும்பச் சொல்லி உத்தரவிடாது.

உலகம் முழுவதும் போக்கும் அப்படித்தான் மாறியிருக்கிறது. அமெரிக்காவில் டெல்டாவும் யுனைடெட்டும் 2015இல், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2016இல், பறந்த தூரத்தை விட்டுவிட்டுக் கொடுத்த பணத்தைப் பார்த்துப் புள்ளி தரத் தொடங்கின. இந்தியாவில் விஸ்தாரா 2015இல் தன் திட்டத்தை ரூபாய்க் கணக்கிலேயே தொடங்கியது. ஏர் இந்தியா 2024இல் அந்த முறைக்கு மாறியது. இண்டிகோ 2024இல் அறிவித்த புளூசிப் திட்டமும் செலவழித்த ரூபாயைத்தான் பார்க்கிறது.

தூரக் கணக்கு உங்களுக்கு லாபம் என்று நினைக்கிறீர்கள். உங்கள் பயணங்களுக்கு அது பொருந்தாது. பெங்களூருவிலிருந்து கோவை வான்வழியில் 230 கிலோமீட்டர் அளவுதான், அதாவது சுமார் 140 மைல். மைலுக்கு ஒரு புள்ளி என்றால் ஒரு கோவைப் பயணத்துக்கு 140 புள்ளி. தொழிற்சாலையிலிருந்து அழைப்பு வந்ததும் முந்தைய நாள் டிக்கெட் எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி எடுத்த டிக்கெட்டின் அடிப்படைக் கட்டணம் 6,000 ரூபாய் என்றும், நூறு ரூபாய்க்கு ஐந்து புள்ளி என்றும் ஓர் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம்: 300 புள்ளி வரும். டெல்லி 1,700 கிலோமீட்டர் தூரம், ஆயிரம் மைலுக்கும் மேல். அதை ஒரு மாதம் முன்பே 4,500 ரூபாய்க்கு எடுத்தால் ரூபாய்க் கணக்கில் 225 புள்ளிதான். ரூபாய்க் கணக்கில் இழப்பவர், நெடுந்தூரத்துக்கு மலிவாக, முன்கூட்டியே டிக்கெட் எடுப்பவர். நீங்கள் பெரும்பாலும் அந்த வகையில் இல்லை.

உங்களைப் பாதித்திருப்பது மலிவுக் கட்டண வகைக்குப் புள்ளியைக் குறைத்த விதி. அதற்குத் தீர்வு வழக்கில் இல்லை, டிக்கெட் எடுக்கும் முறையில்தான் இருக்கிறது. அடுத்த வகைக் கட்டணத்துக்கு எவ்வளவு கூடுதல், அதில் பெட்டி, இருக்கைத் தேர்வு, தேதி மாற்றம் ஆகியவற்றில் எவை சேர்ந்து வருகின்றன என்று பாருங்கள். உங்களுக்கு அவை தேவையில்லை என்றால் மலிவு டிக்கெட்டையே எடுங்கள், புள்ளியை மறந்துவிடுங்கள். ஒரு 100 புள்ளிக்காக 800 ரூபாய் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். விமான நிலையக் கட்டணங்களுக்கும் வரிகளுக்கும் பொதுவாகப் புள்ளி கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். திரையில் தெரியும் மொத்தத் தொகையை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாற்றமே மிஞ்சும்.

ஏற்கெனவே சேர்ந்த 1,20,000 புள்ளிகள்

இங்கே சட்டம் கொஞ்சம் உங்கள் பக்கம் நகர்கிறது. எண்ணிக்கையில் கை வைக்கவில்லை, ஆனால் அதைக் கொண்டு வாங்கக்கூடியது குறைந்துவிட்டது. இதே கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1988இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், ஏற்கெனவே சேர்த்திருந்த மைல்களுக்கும் சேர்த்துப் புதிய கட்டுப்பாடுகளை விதித்தது. வோலன்ஸ் என்பவரும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில் 1995இல் தீர்ப்பு வந்தது: மாநில நுகர்வோர் சட்டத்தின் கீழ் கேட்க முடியாது, ஆனால் நிறுவனம் தானே கொடுத்த வாக்கை மீறியது என்று ஒப்பந்த அடிப்படையில் கேட்கலாம். 2014இல் கின்ஸ்பர்க் வழக்கில், நிறுவனம் நல்லெண்ணத்தோடு நடந்துகொள்ள வேண்டும் என்ற பொதுவான எதிர்பார்ப்பை மட்டும் வைத்து வந்த கோரிக்கையை அதே நீதிமன்றம் ஏற்கவில்லை. அங்கே விமானத் துறைக்கென்று உள்ள 1978ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலச் சட்டங்களைத் தடுத்துவிடுகிறது. இங்கே அப்படிப்பட்ட தடை இல்லை என்பது நமக்குச் சாதகம்.

நம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, நியாயமற்ற ஒப்பந்தம் என்பதைப் பிரிவு 2(46)இல் வரையறுக்கிறது. நுகர்வோரின் உரிமைகளில் கணிசமான மாற்றத்தை ஏற்படுத்தி, அவர்மீது நியாயமற்ற நிபந்தனையைச் சுமத்தும் விதிகள் அதில் அடங்கும். கட்டுமான நிறுவனங்களின் ஒருதலைப்பட்சமான ஒப்பந்தங்கள் பற்றி 2019இல் பயனியர் அர்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம், வாங்குபவருக்குப் பேச வாய்ப்பே தராத அத்தகைய விதிகள் அவரைக் கட்டுப்படுத்தாது என்று சொன்னது. 'எப்போது வேண்டுமானாலும் மாற்றுவோம்' என்ற வரி ஒன்று இருப்பதாலேயே எல்லாம் முடிந்துவிடவில்லை என்று வாதாட இவை உதவும்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. ஒப்பந்த விதியே நியாயமற்றது என்று அறிவிக்கக் கோரும் மனுவை மாவட்ட ஆணையத்தில் போட முடியாது, மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். வக்கீல் செலவு, வாய்தாக்கள், மேல்முறையீடு எல்லாம் சேரும். உங்களுக்கு முன்னறிவிப்பு மின்னஞ்சல் வந்திருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பழைய விகிதத்தில் செலவழிக்க அவகாசம் கொடுத்தோம் என்பார்கள். தொகையையும் பாருங்கள். காசிக்கு ஒரு டிக்கெட் 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். புள்ளியில் எடுத்தாலும் வரியும் நிலையக் கட்டணமுமாக 1,500 ரூபாயை நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும். மீதி 7,500 ரூபாய்க்கு 25,000 புள்ளி கேட்டால், ஒரு புள்ளியின் மதிப்பு 30 காசு. உங்கள் மொத்தச் சேமிப்பு 36,000 ரூபாய். இதில் ஒரு பங்கு தேய்ந்ததற்காகப் பத்து லட்சம் கேட்டால், மனுவைப் படிப்பவருக்கு உங்கள் நியாயமான குறைகளின்மேலும் சந்தேகம் வந்துவிடும். நீங்கள் தனியாக இந்த வழக்கை நடத்த வேண்டாம் என்பதே என் கருத்து. உங்களைப் போல் பாதிக்கப்பட்ட பலர் ஒன்றுசேர்ந்தால், ஆணையத்தின் அனுமதியோடு அனைவருக்காகவும் ஒரே மனுவைப் பிரிவு 35(1)(சி)இன் கீழ் தொடுக்க வழி இருக்கிறது. அது வேறு பேச்சு.

மாற்றத்துக்கு முன் வாங்கிய மூன்று டிக்கெட்டுகள்

உங்கள் கையில் இருக்கும் உறுதியான கோரிக்கை இதுதான். இதை நீங்கள் கடிதத்தின் கடைசியில், போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் முதலில் வைப்பேன். டிக்கெட் வாங்கிய நாளில் நிறுவனம் ஒரு விகிதத்தைக் காட்டிப் பணம் வாங்கியது. பிறகு குறைவாகக் கொடுத்தது. ஒப்பந்தப்படி செய்ய ஏற்றுக்கொண்டதில் குறை வைப்பதைச் சட்டம் சேவைக் குறைபாடு என்கிறது. கொடுப்பதாகச் சொல்லி விற்றுவிட்டுப் பிறகு மாற்றுவதை நியாயமற்ற வணிக நடைமுறை என்றும் வாதாடலாம்.

நிறுவனத்தின் பதில் என்னவாக இருக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். 'புள்ளி ஏறுவது பயணம் செய்த நாளின் விதிப்படி' என்று திட்ட விதிகளில் ஒரு வரி இருக்கலாம். அப்படி இருந்தால், அந்த வரி டிக்கெட் விற்ற பக்கத்தில் உங்கள் கண்ணில் படும்படி இருந்ததா என்பதே சண்டையின் மையம். பயணத்துக்கு இத்தனை புள்ளி என்று முன்பதிவு உறுதி மின்னஞ்சலிலோ செயலியிலோ எண் குறிப்பிட்டிருந்தால் உங்கள் நிலை மிக வலுவானது. அந்த மின்னஞ்சல்களை இன்றே தேடி எடுத்துச் சேமியுங்கள். செயலியில் தெரியும் பழைய முன்பதிவு விவரங்களை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். விதிகளின் இன்றைய பக்கத்தையும் பிடிஎஃப் ஆக்கி வையுங்கள். இணையத்தில் இருப்பது நாளை மாறிவிடலாம்.

புள்ளியே ஏறாத நான்காவது பயணத்தில் விதி மாற்றத்துக்குப் பங்கு இல்லை என்று நினைக்கிறேன். அந்த டிக்கெட்டை உங்கள் வாடிக்கையாளர் நிறுவனம் எடுத்துக் கொடுத்ததாகச் சொல்கிறீர்கள். அவர்கள் உங்கள் பெயரை எப்படி அடித்தார்கள் என்று பாருங்கள். நம்மவர்களுக்கு இது தீராத தொல்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துத்தான். ஒரு இடத்தில் அது அப்பாவின் முழுப் பெயராக விரியும், இன்னொரு இடத்தில் ஒற்றை எழுத்தாக நிற்கும், வேறோர் இடத்தில் உங்கள் பெயரே குடும்பப் பெயர்க் கட்டத்தில் இரண்டு முறை விழும். உறுப்பினர் கணக்கில் உள்ள பெயரோடு பொருந்தாவிட்டால் கணினி புள்ளியைச் சேர்க்காது. விடுபட்ட புள்ளியைக் கேட்பதற்குக் கால வரம்பு உண்டு, ஒவ்வொரு திட்டத்திலும் அது வேறுபடும். அதனால் போர்டிங் பாஸோடு இந்த வாரமே விண்ணப்பியுங்கள். ஆதாரில் உள்ள பெயருக்கு ஏற்ப உறுப்பினர் கணக்கையும் ஒருமுறை திருத்திக்கொள்ளுங்கள்.

எந்தக் கதவைத் தட்டுவது?

டிஜிசிஏ வேண்டாம். விமானம் தாமதமானால், ரத்தானால், ஏற விடாமல் தடுத்தால், பணம் திருப்பித் தராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அதன் விதிகள் சொல்கின்றன. உறுப்பினர் புள்ளிகள் அவற்றில் வருவதில்லை.

முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் எழுதி, அதன் நகலை ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்புங்கள். மூன்று டிக்கெட்டின் முன்பதிவு எண், வாங்கிய தேதி, அன்றைய விகிதம், ஏற வேண்டிய புள்ளி, ஏறிய புள்ளி, வித்தியாசம். இவ்வளவுதான். காசிக் கனவையும் நான்கு ஆண்டு உழைப்பையும் அதில் எழுத வேண்டாம். வாசிப்பவருக்கு ஒரு கணக்கு மட்டும் தெரிய வேண்டும். 15 நாள் அவகாசம் கொடுங்கள்.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்திலும் போடலாம். இவை உத்தரவு போடும் இடங்கள் அல்ல, ஆனால் சிறிய தொகைக் குறைகள் பல இந்த நிலையிலேயே தீர்ந்துவிடுகின்றன.

அதற்கு மேலும் அசையவில்லை என்றால் உங்களுக்கு இரண்டு வழிகள். ஒன்று, பெங்களூரு மாவட்ட நுகர்வோர் ஆணையம். திட்ட விதிகளில் 'டெல்லி நீதிமன்றங்களுக்கு மட்டுமே அதிகாரம்' போன்ற வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நீங்கள் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம் என்று 2019 சட்டத்தின் பிரிவு 34 தெளிவாகச் சொல்கிறது. கொடுத்த கட்டணம் ஐந்து லட்சம் வரை என்றால் மனுக் கட்டணமும் இல்லை. நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ருதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. எதிர்த்தரப்பு ஒரு கேள்வியை எழுப்பும்: இவை தொழில் பயணங்கள், வணிக நோக்கத்துக்குச் சேவை பெற்றவர் நுகர்வோர் அல்லவே என்று. பிரதான நோக்கம் லாபம் ஈட்டும் வணிகமா என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று லீலாவதி மருத்துவ அறக்கட்டளை வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. பிழைப்புக்காகத் தனியாகப் பயணம் செய்யும் ஒருவர் அந்த வாதத்தைச் சந்திக்க முடியும். இருந்தாலும் அது ஓர் ஆபத்துதான். உங்கள் சொந்தப் பணத்தில் எடுத்த டிக்கெட்டுகளை மட்டும் மனுவில் வையுங்கள்.

இன்னொரு வழி அதிகம் பேருக்குத் தெரியாது: நிரந்தர மக்கள் நீதிமன்றம். பயணிகளை ஏற்றிச் செல்லும் விமானச் சேவை, 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தில் பொதுப் பயன்பாட்டுச் சேவையாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. அங்கே முதலில் இரு தரப்பையும் உட்கார வைத்துச் சமரசம் பேசுவார்கள், படியாவிட்டால் அவர்களே தீர்ப்பும் சொல்லலாம். டிக்கெட்டில் அச்சிட்ட 'வேறு ஊர் நீதிமன்றம்' என்ற நிபந்தனை அங்கே செல்லாது என்று 2011இல் இண்டர்குளோப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நுகர்வோரா, வணிகரா என்ற கேள்வியும் அங்கே எழாது. உங்கள் நிலைமைக்கு நான் இதையே தேர்ந்தெடுப்பேன்.

புள்ளி வித்தியாசத்தை வரவு வைக்கச் சொல்லுங்கள், செலவுக்கும் அலைச்சலுக்கும் ஒரு மிதமான தொகை கேளுங்கள்.

புள்ளிகளை விற்பது, கோல்டு நிலைக்காக ஓடுவது, காசி

விற்காதீர்கள். இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். விமானத் திட்டங்கள் புள்ளி விற்பனையைத் தடை செய்கின்றன. தெரிந்தால் கணக்கை மூடி மொத்தப் புள்ளியையும் எடுத்துவிடலாம். அதன்பின் மேலே சொன்ன எந்தக் கோரிக்கையும் நிற்காது. அந்த வாட்ஸ்அப் நபர் கேட்பது உங்கள் கடவுச்சொல்லும் ஓடிபியும் என்றால், அங்கே நடக்கப்போவது விற்பனை அல்ல, திருட்டு.

ஆண்டு முடிவதற்குள், அடிக்கடி பறப்பவர்களுக்குத் தரும் கோல்டு என்ற உயர்நிலை உறுப்பினராக, வேலை இல்லாமலே இரண்டு வெறும் பயணம் போகலாமா என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். கோவைப் பயணங்கள் சுமார் ஒரு மணி நேரத்தில் முடிகின்றன. கோல்டு தரும் ஓய்வறையும் கூடுதல் பெட்டியும் உங்களுக்கு எந்த நாளில் பயன்படும்? வேண்டாம்.

மீதமுள்ள புள்ளிகளை வைத்திருக்காமல் செலவழியுங்கள். 2012இல் கிங்ஃபிஷர் நின்றபோது நம் ஊரில் எத்தனை பேருடைய மைல்கள் வெறும் எண்ணாகின என்பது பெங்களூருக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2019இல் ஜெட் ஏர்வேஸ் நின்றது. அதன் மைல்கள் இண்டர்மைல்ஸ் என்ற பெயரில் பிழைத்தன, ஆனால் ஜெட்டில் பறக்க உதவவில்லை. 2024 நவம்பரில் விஸ்தாரா ஏர் இந்தியாவோடு இணைந்தபோது உறுப்பினர்களின் புள்ளிகள் புதிய திட்டத்துக்கு மாற்றப்பட்டன. ஒவ்வொரு முறையும் வேறு முடிவு. எது நடந்தாலும் உறுப்பினரைக் கேட்டு நடக்கவில்லை.

அம்மாவுக்கும் மாமியாருக்கும் உங்கள் புள்ளியிலிருந்தே டிக்கெட் எடுக்கலாம். சில திட்டங்களில் அவர்களை முன்கூட்டியே பயனாளிகளாகப் பதிய வேண்டும், பதிந்து சில நாள் காத்திருக்கவும் வேண்டியிருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியில் காசியில் தேவ தீபாவளி. அந்த வாரத்தில் புள்ளி விலை ஏறிவிடும், கூட்டத்தில் வயதானவர்கள் படித்துறையில் இறங்கவும் சிரமம். ஜனவரியில் பனிமூட்டத்தால் விமானங்கள் தாமதமாகும். பிப்ரவரி நடுவில், வாரநாள் ஒன்றில், சிவராத்திரிக் கூட்டத்தைத் தவிர்த்துத் தேடிப் பாருங்கள். போகும் டிக்கெட்டுக்கு மட்டும் புள்ளி போதும் என்றால் அதைப் புள்ளியிலும், திரும்புவதைப் பணத்திலும் எடுக்கலாம். ரத்து செய்தால் புள்ளி முழுதாகத் திரும்புமா, கட்டணம் பிடிப்பார்களா என்பதை எடுப்பதற்கு முன் படியுங்கள். இரண்டு பெரியவர்களின் பெயரும் அடையாள அட்டையில் உள்ளபடியே எழுத்து மாறாமல் இருக்கட்டும்.

இந்த முன்பதிவு உங்கள் புகாரைப் பலவீனப்படுத்தாது. மீதிப் புள்ளியைச் செலவழித்ததால் பழைய மூன்று டிக்கெட்டின் குறையை மன்னித்ததாக ஆகிவிடாது. 'ஏற்கிறேன்' என்று எந்தத் தீர்வுக் கடிதத்திலும் கையெழுத்திடாமல் இருந்தால் போதும். நுகர்வோர் ஆணையத்துக்கு, குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. புள்ளி குறைவாக ஏறிய முதல் தேதியிலிருந்து அதை எண்ணிக்கொள்ளுங்கள்.